முழுப்பெயரும் அரைப்பேரும்

ஒரு பெயர் யாருக்கு உரியது? சட்டத்தின் முத்திரையிட்டு அதைக் காத்துக்கொள்பவருக்கா, தம் உழைப்பால் அதற்கு மதிப்பைத் தேடித் தந்தவருக்கா? மாத்தளை மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நம்மை இக்கேள்வி அடிக்கடி வழிமறிக்கின்றது.

நமது தேயிலை இன்றும் ‘சிலோன்’ என்ற பெயரோடுதான் கப்பலேறுகின்றது. 1972இல் நாடு தன் பெயரை மாற்றிக்கொண்டது. வணிகமோ பழைய பெயரை விடவில்லை. அப்பெயருக்கு அத்தனை விலை! தேயிலைச் சபைக்குச் சொந்தமான சிங்க இலச்சினையை ஒரு கம்பனி பெட்டியிற் பொறிக்க வேண்டுமாயின், உள்ளிருப்பது முழுவதும் இந்நாட்டுத் தேயிலையாதல் வேண்டும்; பொதி செய்யப்பட்டதும் இந்நாட்டிலேயாதல் வேண்டும். 2022இல் ‘சிலோன் கறுவா’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியமும் புவியியற் குறியீடென்ற பாதுகாப்பை வழங்கிற்று.

உள்நாட்டில் வர்த்தகக் குறிகளைக் காப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிவு பத்தாண்டு செல்லும், பின்னரும் புதுப்பிக்கலாம். பதிவு செய்யாது வாளாவிருக்கும் வணிகர், தாம் வளர்த்த பெயருக்காகவே பிறரோடு வழக்காட நேரும். பிறர் குறியைக் களவாடுவோர் நட்டஈட்டுக்கும் தண்டனைக்கும் ஆளாவர்.

“இது முதலாளிகளின் வழக்கு, நமக்கென்ன?” என்பர் நண்பர் சிலர். அது சரியன்று. போலிச் சரக்கு நல்ல சரக்கின் விலையை வீழ்த்தும்போது முதலில் வெட்டு விழுவது கூலியிலேதான். ஆகவே, பெயர் காக்கப்படவே வேண்டும். ஆனால், அப்பெயரை ஆக்கியவர் யார்? 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்டது செடியை. நற்பெயரைப் பயிரிட்டவையோ மழையிலும் அட்டைக் கடியிலும் கொழுந்து பறித்த பல தலைமுறைக் கைகள்.

அக்கைகளுக்கு உரியோரின் முன்னோர், கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோரின் வழித்தோன்றல்களை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணி இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. மிஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கிய சட்டம் 2003இல் வந்தது. அதன் இலக்கம் 35! ஒன்று மனிதருக்கு, அடுத்தது சரக்கின் பெயருக்கு. மனிதர் காத்திருந்தது ஐம்பத்தைந்து ஆண்டுகள். ஆங்கிலேயர் காலந்தொட்டே சட்டக் காவல் பெற்றிருந்த சரக்கின் பெயர் ஒருநாளும் நாடற்றிருந்ததில்லை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் விழுவது ‘அரைப்பேர்’, அதாவது அரைநாட் கூலி. பெட்டிக்கு முழுப்பெயர், பறித்தவளுக்கு அரைப்பேர்! நம் மாணவர் பலரின் லயத்து வீட்டுக்குத் தனி விலாசமும் இல்லை. தபால் தோட்டத்து அலுவலகம் சுற்றியே வருகின்றது. நம்மிடம் கற்ற மாணவி ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சை அழைப்பு கிடைத்தபோது பரீட்சை நாள் கடந்திருந்தது. அவள் தாய் பறித்த தேயிலையோ விலாசம் தவறாது அந்நிய நாடு போய்ச் சேர்ந்திருக்கும்.

போலிப் பெயரால் நுகர்வோரை ஏமாற்றுவது குற்றமென்கிறது சட்டம். உழைத்தோரை மறைத்து உண்மைப் பெயரை விற்பதும் ஏமாற்றே அன்றோ? அப்பெயர் ஈட்டும் பொருளில் அவர்க்குரிய பங்கு நியாயமான கூலியாக, சொந்தக் காணியாக, வீட்டுக்கொரு விலாசமாக வந்து சேரட்டும். அன்றுதான் ‘சிலோன்’ என்பது முழுப்பெயராகும்.