பூஜ்யத்தில் நின்ற பாதரசம்

கல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் மார்க்கெட்டில் இலிஷ் மீன் வாங்கப் போகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். நான் ஐஸையும் பார்ப்பேன். தெர்மோகோல் பெட்டியில் மேலே கிடக்கும் கட்டிகளின் விளிம்பு இன்னும் கூராக இருக்கும். அடியில் தேங்கிய நீரில் ஊறுகிறவை வழுவழுவென்று தேய்ந்து கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிடும். மீன்காரர் அவ்வப்போது பெட்டியைச் சாய்த்துத் தண்ணீரை வடித்துவிடுவார். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும்.

வடதுருவத்தில் வடித்துவிட ஆளில்லை. கடற்பனி என்பது மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸ் அளவில் உறைந்த கடல்நீர்தான். பருமன் சில மீட்டர், அதிலும் பெரும்பகுதி நீருக்குள். மனிதரால் பூமியில் கூடிய வெப்பத்தில் 90 சதவீதம் அளவுக்குக் கடலே வாங்கிக்கொண்டிருக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வடக்கே வரும் வெதுவெதுப்பான நீர் இந்தப் பனியை அடியிலிருந்து அரிக்கிறது. அந்த நீரை அளக்க, 2014 ஜூலையில் நார்வேயின் ஸ்வால்பார்டில், காங்ஸ்ஃபியோர்டன் என்ற கடற்கழியில் இந்தியா ‘இண்டார்க்’ கருவித்தொடரை நங்கூரமிட்டது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு.

பனி கரைவது வெப்பமானியில் தெரியாது என்ற பாடம் கல்கத்தாவுக்கு 1833லேயே கப்பலில் வந்தது. ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி ‘டஸ்கனி’ கப்பலில் சுமார் 180 டன் பனிக்கட்டி ஏற்றி அனுப்பினார். நாலு மாதம் கழித்து இங்கே இறங்கியது 100 டன் போல. அந்தப் பனிக்குவியலுக்குள் ஒரு வெப்பமானியைச் செருகி வைத்திருந்தால், வழி நெடுகப் பாதரசம் பூஜ்யத்தை ஒட்டியே நின்றிருக்கும். அதைப் பார்த்தவர் சரக்கு பத்திரம் என்றுதான் சொல்லியிருப்பார். எண்பது டன் போயே போய்விட்டது.

பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஒரு கிராம் பனியை உருக்க 80 கலோரி வேண்டும். உருகும்வரை சூடு ஏறுவதில்லை. ஆர்க்டிக் கோடையிலும் பனி மூடிய இடங்களில் காற்று பூஜ்யத்தை ஒட்டியே நிற்பதற்கு இது ஒரு காரணம். ஒன்றும் மாறவில்லை என்று நாம் நிம்மதியாகச் சொல்கிற இடங்களில், பெரும்பாலும் யாரோ அல்லது எதுவோ தன்னைக் கரைத்து அந்த நிம்மதிக்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டிலும் அப்படித்தான், கடலிலும் அப்படித்தான். விலை கொடுப்பவர் இருக்கும்வரை கணக்கு நம் கண்ணில் படாது.

1980களின் செப்டம்பரில் ஏறக்குறைய 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்த ஆர்க்டிக் கடற்பனி, 2012 செப்டம்பரில் 34 லட்சத்துக்கு இறங்கியது. பனி விலகிய கடல், தன்மேல் விழும் வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் விழுங்கும். உருக்கப் பனி இல்லாத இடத்தில் ஒரு கிராமுக்கு அந்த 80 கலோரி சேர்ந்தால் நீரை 80 டிகிரி சூடாக்கப் போதும். ஆர்க்டிக்கின் வெப்பநிலை இத்தனை டிகிரி என்று செய்தி வந்தால், பனியின் பருமன் எவ்வளவு என்பதையும் தேடிப் படியுங்கள்.