பாட்டன் பட்ட கடன்

தகப்பன் பட்ட கடனை மகன் தீர்க்கத்தான் வேண்டுமா? இது பட்டிமன்றத்துக்கு ஏற்ற தலைப்பு என்று நினைப்பவர்கள், எங்கள் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அங்கே தறி மட்டும் தலைமுறைச் சொத்தாக இறங்கி வரவில்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் இறங்கி வந்திருக்கிறது. பெண்ணின் கல்யாணத்துக்காக வாங்கியவர் கண்ணை மூடிவிடுவார், கணக்கு மூடாது. பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன் தறிக்குழியில் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. அவனைப் பார்த்து, 'குழந்தாய், தந்தையின் கடனைத் தீர்ப்பது தர்மம்' என்று உபதேசம் செய்ய எந்த நல்ல மனிதனுக்கும் வாய் வராது.

அப்படியானால், முன்னோர் பட்ட கடன் எதுவும் நம்மைச் சேராது என்று சொல்லிவிடலாமா? ஆனைமலைக்குப் போய் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு வாதாடிக்கொண்டிருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. ஒரு காலத்தில் அது வானத்தை மறைத்த மழைக்காடு. 1890-களில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அதை வெட்டத் தொடங்கினார்கள். முதலில் காப்பி வந்தது. பிறகு தேயிலை வந்தது. இன்று சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மேட்டு நிலத்தைத் தேயிலை போர்த்தியிருக்கிறது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம்; நடுவே, தேயிலைக் கடலில் அகப்பட்ட தீவுகள் போல மழைக்காட்டின் துண்டுகள். சோலைமந்தியும் இருவாச்சியும் அந்தத் துண்டுகளை நம்பித்தான் பிழைக்கின்றன.

மைசூரில் 1996-இல் தோன்றிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை வால்பாறையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. திவ்யா முடப்பா, சங்கர் ராமன் என்ற இரு ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடைய தோழர்களும் தோட்டக் கம்பெனிகளின் இசைவைப் பெற்று, சிதைந்த காட்டுத் துண்டுகளில் பழைய மரங்களையே மறுபடி நட்டு வருகிறார்கள். நாற்றங்காலில் கருங்குங்கிலியமும் வெடிபலாவும் சாண் உயரக் கன்றுகளாக நின்றன. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம், "இது எப்போது ஐயா மரமாகும்?" என்று கேட்டேன். "என் பேரன் பார்ப்பானுங்க" என்றார், கன்றைவிட்டுக் கண் எடுக்காமல்.

நட்டு 7 முதல் 15 ஆண்டுகளான இடங்களை அவர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். சும்மா விட்ட நிலத்தைவிட அங்கே மர வகைகள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனாலும், வெட்டுப்படாத காட்டின் பக்கத்தில் நிற்க அது இன்னும் நெடுந்தூரம் வளர வேண்டும். கோடரிக்கு ஒரு பகல் போதும். கன்றுக்கு ஒரு நூற்றாண்டும் போதாது.

வெட்டியவன் எவனோ, நடுகிறவர் எவரோ. இவர் ஏன் நட வேண்டும்? 'வெள்ளைக்காரன் செய்த பாவம், நமக்கென்ன?' என்று சொல்வது எளிது. ஆனால் எங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவன் பல்லவன் இராசசிம்மன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த அந்தக் கோயிலில் நான் ஒரு கல்லும் தூக்கி வைத்ததில்லை. ஆயினும் வெளியூர் நண்பர் வந்தால், 'எங்கள் கோயில்' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காட்டுகிறேன். செய்யாத புண்ணியத்துக்குப் பங்கு கேட்கிறவன், செய்யாத பாவத்துக்கு மட்டும் கையை விரிப்பது என்ன நியாயம்?

இங்கேதான் கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. காட்டை வெட்டிய கைகள் வெள்ளைக்காரனுடையவை அல்ல. தமிழ்ச் சீமையின் பஞ்சம் பிழைக்க வந்தவர்களுடையவை. கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறி, அதை அடைக்க முடியாமல் குளிரிலும் மலேரியாவிலும் மாண்டவர்கள் அவர்கள். அந்தத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் எழுதிய 'ரெட் டீ' என்ற நாவல், தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்திருக்கிறது. படித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லாபம் கப்பலேறியது, முன்பணம் மட்டும் மலையில் தங்கியது.

அவர்கள் வழியில் வந்தவர்கள்தாம் இன்று அந்தி வேளையில் லைன் வீட்டுக்குத் திரும்பும்போது யானைக்கு அஞ்சி நடக்கிறார்கள். காடு சுருங்கியதால் யானை தன் பழைய வழியில் தோட்டத்துக்குள் நடக்கிறது. 1994-க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய நாற்பது பேர் யானையால் மடிந்தார்கள். பக்கத்தில் யானை நிற்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அதை உணர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். யானை நிற்கும் இடம் கைப்பேசியில் செய்தியாக வரும். பாதையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். சாவு குறைந்தது. கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாளிடம் யானை மேல் கோபமில்லையா என்று கேட்டேன். "அது எங்கதாங்க போகும்?" என்றார். சிறிது பொறுத்து, "நாங்களும் எங்கதான் போவோம்?" என்றார்.

அந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கேட்கத் தெரியாதவர்கள் காட்டைப் பற்றிப் பேசாதிருப்பது நல்லது. யானைக்கு வழி விடு என்று அந்த அம்மாளிடம் சொல்லும் நியாயம் நமக்கு இல்லை. பிள்ளையார்பாளையத்துப் பையனிடம் தகப்பன் கணக்கை நீட்டுவது எப்படியோ, அப்படித்தான் இதுவும். இரத்த வழியில் கடன் இறங்காது. அனுபவித்த வழியில் இறங்கும். பட்டு நெய்தவன் அல்ல, உடுத்தியவன் கடன்காரன். மரம் வெட்டியவனின் பேத்தி அல்ல, அந்த நிலத்தின் சுகத்தை இன்றும் உறிஞ்சிக்கொண்டிருப்பவன் கடன்காரன்.

இதைப் படிக்கும்போது உங்கள் கையில் ஒரு தம்ளர் தேநீர் இருக்கக்கூடும். நிதானமாகக் குடியுங்கள், அதைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு நாம் கொடுத்த விலையில் அந்தப் பெரியவர் ஊற்றும் தண்ணீருக்கும், அந்த அம்மாளின் வழியில் எரியும் சிவப்பு விளக்குக்கும் பங்கு சேர்ந்திருக்கிறதா என்று கேட்பது நம் கடமை. சேரவில்லையென்றால், அந்தத் தேநீர் இன்னும் கடனில்தான் இருக்கிறது.