இடது காலின் சாட்சியம்

ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆன ஒருவன் சைக்கிளுக்கு எந்தப் பவர் மீட்டர் வாங்கலாம் என்பது கடைக்காரரிடம் கேட்டு முடித்துக்கொள்ள வேண்டிய விஷயம். அதை ஒரு கட்டுரைக்குரிய கேள்வியாக்கியது அம்மா. இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கும் மீட்டரின் விலைக்குச் சுமாரான செகண்ட்ஹேண்ட் ஸ்கூட்டரே வந்துவிடும். விலையைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "வலிக்குதா இல்லையான்னு உனக்கே தெரியாதாடா? அதுக்கு எதுக்கு ஒரு மெஷினு?"

பதில் சொல்வது லேசில்லை.

பவர் மீட்டர் வேலை செய்யும் விதம் எளிது. மிதிக்கும்போது கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழையும் கூடவே வளைய, அதன் மின்தடை மாறுகிறது. அதிலிருந்து முறுக்குவிசையைக் கணக்கிட்டு, சுற்றும் வேகத்தால் பெருக்கினால் வாட். 1986இல் ஜெர்மனியின் உல்ரிச் ஷோபரர் இதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு ஓட்டியவர்கள் மூச்சையும் தொடை எரிச்சலையும் வைத்துத்தான் தங்கள் உழைப்பை மதிப்பிட்டார்கள்.

விலை குறைந்த மீட்டர்கள் பெரும்பாலும் இடது கிராங்கில் மட்டுமே இருக்கும். இடது கால் தரும் அளவை இரண்டால் பெருக்கி, இதுதான் நீ என்று திரையில் காட்டிவிடும். இரண்டு காலும் ஏறக்குறைய சமம் என்பது அதன் நம்பிக்கை. என் விஷயத்தில் கெட்டுப்போனது வலது முழங்கால். இடது 90 வாட், வலது 60 வாட் என்றால் உண்மையான உழைப்பு 150. மீட்டர் 180 என்று சொல்லும். நல்ல காலை மட்டும் விசாரித்துவிட்டு நொண்டிக் காலின் பெயரிலும் கையெழுத்து வாங்கிக்கொள்கிறது. ஸ்பைடரில் பொருத்தும் மீட்டர்கள் மொத்தத்தைச் சரியாகச் சொல்லும். ஆனால் ஒரு கால் அழுத்தும் நேரத்தில் மறுகால் மேலே ஏறும்போது பெடலின்மேல் பாரமாக உட்கார்ந்திருக்கிறதா, தூக்கிக்கொடுக்கிறதா என்பதைப் பிரிக்க அவற்றுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் தனித்தனியே அளப்பவைதான் அதைச் சொல்லும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட், மண்ணச்சநல்லூர் வழியாகப் போனால் திருவெள்ளறை. என் பழைய ஞாயிற்றுக்கிழமைப் பாதை அது. பெருமாள் கோயிலுக்கு வெளியே ஸ்வஸ்திக வடிவில் ஒரு கிணறு இருக்கிறது. பல்லவன் தந்திவர்மன் காலத்தில் ஆலம்பாக்கத்து விசயநல்லுழானின் தம்பி கம்பன் அரையன் வெட்டியது. மன்னனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் முடித்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. நாலு பக்கமும் படி, ஒவ்வொரு படித்துறையும் பாதியில் மடங்கித் திரும்பும். ஒரு துறையில் குளிப்பவரை இன்னொரு துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. தண்ணீர் ஒன்றுதான். ஒரு துறையில் மட்டும் நின்றுகொண்டு இன்று கிணற்றில் கூட்டமே இல்லை என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, இரண்டு காலையும் அளந்தாயிற்று. எதோடு ஒப்பிடுவது? ஏசிஎல் மாற்றியவர்களுக்கு ஃபிசியோக்கள் பொதுவாக வைக்கும் எல்லை 90 சதவீதம்: நல்ல காலின் பலத்தில் 90 சதவீதத்தைக் கெட்ட கால் எட்டினால் விளையாடப் போகலாம். பாரிஸ் மீட்டர் கட்டையைப் பற்றி மட்டும் அது ஒரு மீட்டர் நீளம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் விட்கென்ஸ்டைன். அதை வைத்துத்தானே மற்ற எல்லாவற்றையும் அளக்கிறோம்! என் இடது கால் அந்தக் கட்டை. சிக்கல் என்னவென்றால், மாதக்கணக்கில் நான் படுத்திருந்தபோது அதுவும் சதை இழந்தது. அளவுகோலே சுருங்கிவிட்டால் 90 சதவீதத்தைத் தொடுவது சுலபம். இது கால்களுக்கு மட்டும் நேர்வதல்ல. பாரிஸுக்கு அருகே பூட்டி வைத்திருந்த மூலக் கிலோகிராமுக்கும் அதன் நகல்களுக்கும் இடையே நூறாண்டில் ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்தது. மாறியது மூலமா நகல்களா என்று கேட்கவே வழியில்லை. 2019இல் அந்த உலோக உருளையையே கைவிட்டு, இயற்கை மாறிலி ஒன்றை வைத்து கிலோகிராமை வரையறுத்தார்கள். எனக்கு அப்படியொரு மாறிலி கிடையாது.

அம்மாவுக்கு வருவோம். அவளுக்கும் முழங்கால் வலி, பல வருஷமாக. எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று எழுதி வரும்வரை வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் வந்த அன்று அப்பா வெஸ்டர்ன் டாய்லெட் கட்ட ஆள் பார்த்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், மூட்டுத் தேய்மானத்தில் எக்ஸ்ரேயும் வலியும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. படத்தில் மோசமாகத் தேய்ந்தவர் சிரமமில்லாமல் நடப்பார். படம் சுத்தமாக இருப்பவர் படியேற முடியாமல் உட்கார்ந்துவிடுவார். அந்தப் படம் காட்டியது எலும்புக்கு இடையே இருந்த இடைவெளியை. நாங்கள் நம்பியதோ வலியை. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்குகிறவர்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் முழங்காலுக்கு வாட் கணக்கு யாரும் போடுவதில்லை. முதுகில் ஏறும் மூட்டைக்கு மட்டும் கிலோ கணக்கு உண்டு.

அப்படியானால் அம்மா சொல்வதுதானே சரி? வலிக்கிறது என்று சொன்னால் போதும், மெஷின் எதற்கு?

அவள் பாதி சரி என்றுதான் நினைக்கிறேன். வலியைப் பற்றி வலிக்கிறவரை மிஞ்சிய சாட்சி கிடையாது. அங்கே அத்தாட்சி கேட்பதே அவமானப்படுத்துவது. ஆனால் நான் அளக்க நினைப்பது வலியை அல்ல. அடிபட்ட உடம்பு சத்தமில்லாமல் பாரத்தை நல்ல பக்கத்துக்கு மாற்றிவிடும், வலிக்காமல் இருப்பதற்காகவே மாற்றும். நொண்டுவது நமக்கு நேராக நடப்பதுபோலவே இருக்கும். அங்கே என் சாட்சியம் செல்லாது. பொய் சொல்கிறேன் என்பதற்காக இல்லை, அந்தத் துறை எனக்குத் தெரியாது என்பதற்காக. எதை உணர்கிறோமோ அதற்கு நம் சொல் போதும். உணராததற்குத்தான் கருவி. அம்மாவின் விஷயத்தில் வீடே இதைத் தலைகீழாக்கி வைத்திருந்தது.

இதை அவளிடம் சொன்னபோது, "அப்ப அந்த எக்ஸ்ரே காசு தெண்டமா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

கடைசியில் தேர்வு செய்தது இரண்டு பக்க கிராங்க். பெடல் மீட்டர்தான் மாட்டவும் கழற்றவும் வசதி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை க்ளீட் ஷூவுக்கானவை. காலை விடுவிக்கும் ஒவ்வொரு தடவையும் குதிகாலை வெளியே திருக வேண்டும். "தம்பி, இப்போதைக்கு திருகற வேலை மட்டும் வேணாம்" என்று ஃபிசியோ அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். கிராங்க் என்றால் சாதாரணத் தட்டைப் பெடலும் செருப்பும் போதும்.

ஓட்டும்போது திரையில் மொத்த வாட் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வதாக இருக்கிறேன். வீட்டுக்கு வந்து, முழங்கால் எப்படி இருந்தது என்று முதலில் நோட்டில் ஒரு வரி, அதற்கப்புறம்தான் இடது வலது கணக்கு. ஆர்டர் போட்டாச்சு. வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார் கடைக்காரர்.