நன்றாக இருந்தது

அரிச்சந்திரன் நாடகம் பார்த்துவிட்டு வந்த மறுநாட் காலையிலேயே நான் ஒரு பொய் சொன்னேன். அது பொய்தானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் ஆண்டுக்கொரு முறை உள்ளூர்க்காரர்களே கூடி இசை நாடகம் போடுவதுண்டு. ராஜபார்ட் ஏற்பவர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர். விசுவாமித்திரர் தையற்கடைக்காரர். பபூன் சைக்கிள் கடை இளைஞர். ஸ்திரீபார்ட்டுக்கு மட்டும் வெளியூரிலிருந்து ஒரு நடிகையை அழைப்பார்கள். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அவ்வாறே வருவர். இரவு பத்து மணிக்கு என்று நோட்டீசில் அச்சிட்டிருந்தாலும் திரை விலகும்போது பதினொன்று தாண்டிவிடும். நடுநடுவே பாட்டை நிறுத்தி, இன்னார் ஐம்பது ரூபாய் அன்பளிப்பு என்று மைக்கில் அறிவிப்பார்கள். அரிச்சந்திரன் நாடு நகரமெல்லாம் இழந்து தெருவில் நிற்கும் வேளையிலும் இவ்வறிவிப்பு வரத் தவறுவதில்லை.

அவ்வாண்டு கணக்கர் நன்றாகப் பாடவில்லை. முதற்பாட்டிலேயே சுருதி அவருக்கு எட்டவில்லை என்பது தெரிந்துவிட்டது. மயான காண்டத்தில் குரல் அடியோடு உடைந்தது. பாம்பு தீண்டி மாண்ட மகனைச் சந்திரமதி சுமந்து வர, சுடலை காக்கும் கணவன் கால்பணமும் முழத்துண்டும் கேட்கிற கட்டம் அது. மேலே சென்று நிற்கவேண்டிய இடத்தில் வெறும் மூச்சுத்தான் வந்தது. ஆர்மோனியக்காரர் அவ்விடத்தைத் தாமே வாசித்து நிரப்பினார். ஒருவரும் சிரிக்கவில்லை. என் அருகில் அமர்ந்திருந்த முதியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அதே ஆலையில் மூட்டை தூக்குபவர். வாரந்தோறும் அக்கணக்கரின் கையிலிருந்து கூலியை எண்ணி வாங்குபவர். கூலி கேட்டு நின்ற அரிச்சந்திரனில் அவர் யாரைக் கண்டாரோ!

மறுநாள் கடைவீதியில் கணக்கர் என்னை மறித்தார். “எப்படிங்க இருந்தது வாத்தியாரய்யா?” என்றார். “நன்றாக இருந்தது” என்றேன். மெய்க்காக மனைவியையும் மகனையும் விற்றவனின் கதையை இரவு முழுதும் விழித்திருந்து பார்த்தவன் சொன்ன விடை இது.

அரபு அணியிலக்கணத்தில் தவ்ரியா என்றோர் அணி உண்டு. ஒரு சொல்லுக்கு அண்மைப் பொருள், சேய்மைப் பொருள் என இரண்டிருக்க, கேட்பவர் அண்மைப் பொருளைக் கொள்ளுமாறு விட்டுச் சொல்பவர் சேய்மைப் பொருளைக் கருதுவது. இதைக்கொண்டே முதலில் என்னைத் தேற்றிக்கொண்டேன். நன்றாக இருந்தது என நான் கருதியது அந்த இரவை, அந்த முதியவரின் கண்ணீரை, பாட்டையன்று. வகுப்பறையில் இனிக்கும் இவ்வணி மனச்சான்றின் முன் அத்துணை இனிப்பதில்லை. அவர் கேட்டது பாட்டைப் பற்றி என்பது எனக்குத் தெரியும்.

ஹரீரீ (1054–1122) இயற்றிய ‘மகாமாத்’தில் ஸாவா நகரத்து இடுகாட்டில் அபூ ஸைத் சாவைப் பற்றி உருக்கமாக உரையாற்றுகிறான், கேட்போர் கரைந்து பொருளை வழங்குகின்றனர். பின்னரே அவன் வேடதாரி என்பது ஹாரிஸுக்குப் புலனாகிறது. அவன் சொற்களில் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை, பிசகியது ஆள். எங்கள் கணக்கரிடமோ ஆளில் பிசகில்லை, பிசகியது சுருதிதான். இதனால், உள்ளம் மெய்யானால் சுருதி எதற்கு என்று கேட்கும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். அவர்கள் இசைக்கும் நன்மை செய்யவில்லை, மெய்க்கும் நன்மை செய்யவில்லை.

பொருள் கருதாது கலை பயில்பவனை இக்கால அரபியில் ஹாவீ என்பர். விரும்புதல் என்னும் பொருளுடைய மூலத்திலிருந்து பிறந்த சொல். விழுதல் என்ற பொருளும் அம்மூலத்துக்கு உண்டு. அரபு மொழியின் புதுமுறை நாடகமே இத்தகையோரிடமிருந்து பிறந்ததுதான். பெய்ரூத் வணிகரான மாரூன் அந்நக்காஷ் இத்தாலியில் நாடகங்களைக் கண்டு திரும்பி, 1847-48ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தம் வீட்டிலேயே, வீட்டாரையும் நண்பரையும் நடிக்கவைத்து ‘அல்பகீல்’ என்ற இசை நாடகத்தை நடத்தினார். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோதும் கற்றோரே ஊதியமின்றி மேடையேறினர். கூத்தாடி என்ற இழிசொல் அதனால் சற்றே ஒதுங்கிற்று.

கூலி வாங்கும் நடிகனிடம் கணக்குக் கேட்கலாம். ஊதியமின்றி ஆடுபவன் தருவது கொடை. கொடையைத் துலாக்கோலில் இடலாமா? இடலாகாது என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் ஆலை மூடியபின் மூன்று மாதம் ஒத்திகை பார்த்தவர், எப்படி இருந்தது என்று கேட்கிறார். குழந்தை வரைந்த படத்துக்குச் சொல்வதை அவருக்கும் சொல்லி அனுப்பினால், அவர் உழைப்பை விளையாட்டென்று கருதினேன் என்றாகிறது. என் கனிவுக்குள் இளக்காரம் ஒளிந்திருந்தது. ஆகவே அது பொய்தான்.

பத்து நாள் கழித்து ஆலைக்குச் சென்றேன். “அன்று நான் சொன்னது சரியில்லை. மயான காண்டத்தில் குரல் நிற்கவில்லை. சுருதியை அரைக் கட்டை இறக்கியிருக்க வேண்டும்” என்றேன்.

அவர் பேரேட்டை மூடாமலே சிரித்தார். “அது எனக்கே தெரியுமுங்க. அந்தம்மாவுக்கு அந்தச் சுருதிதான் ஒத்து வரும். நம்மளை நம்பி வெளியூர்லேர்ந்து வந்தவங்க, அவங்க பாட்டுக் கெடக் கூடாதில்ல?”

“தெரிந்திருந்தும் ஏன் என்னைக் கேட்டீர்கள்?”

“எல்லாரும் நல்லா இருந்ததுன்னாங்க. நீங்களாவது சொல்லுவீங்களான்னு பார்த்தேன்.”

அதற்குள் கூலி வாங்க ஆட்கள் வந்துவிட்டனர். அம்முதியவரும் வரிசையில் நின்றார். கணக்கர் நோட்டுகளை எண்ணத் தொடங்கினார். நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.