பத்தாவது குழி



சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்களையும் நாமக்கல் பக்கத்துக் கல் குவாரிகளையும் நம்மில் அறியாதவர் யார்? அங்கே திரி வைத்து வெடி போடுகிறவருக்குப் பாறையை உடைப்பது மாத்திரம் வேலையல்ல, சத்தத்தை எண்ணுவதும் வேலை. பத்துக் குழிக்கு மருந்து போட்டு ஒன்பது சத்தம்தான் கேட்டதா? ஒரு குழி இன்னும் உயிரோடே இருக்கிறது!

1961-ல் வந்த சுரங்க விதிகள் இதைக் கண்டிப்பாய் எழுதின. சந்தேகம் இருந்தால் 30 நிமிஷத்துக்கு ஒருவரும் கிட்டே போகக்கூடாது. அடுத்த ஷிப்டுக்காரரிடம் சொல்லிவிட்டே போகவேண்டும்.

சொல்லாமல் வீட்டுக்குப் போனவர், "நான் பொய் ஒண்ணும் சொல்லலையே, கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்பார். ஆனால் கேட்கவேண்டும் என்பதே மற்றவருக்குத் தெரியாதே! காலையில் கம்ப்ரசர் வைத்துக் குழி போடுகிறவர், இடம் சுத்தம் என்று நம்பித்தான் கால் வைக்கிறார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது இவருடைய மௌனம். அப்படியானால் அந்த மௌனமே பொய்தானே?

சொன்னால் வேலை நிற்கும், மேஸ்திரி திட்டுவார், கூலி குறையும். உண்மைதான். சொல்லுகிறவனைத் திட்டுகிற மேஸ்திரிக்கும் முதலாளிக்கும் இந்தப் பழியில் பங்கு உண்டு. ஆனாலும் தெரிந்தவனுக்கு நஷ்டம் அரைநாள் கூலி, தெரியாதவனுக்கோ உயிர்.

மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாதவன்மேல் விழுந்தவனுடைய இரத்தப்பழி வரும் என்று உபாகமம் 22-ம் அதிகாரம் எச்சரிக்கிறது. விழப்போகிறவன் யார் என்று கட்டுகிறவனுக்குத் தெரியாது. அறிந்திருப்பதே பொறுப்பு.

பிரியமானவர்களே, நாம் அறிந்தும் அடுத்தவருக்குச் சொல்லாமல் விட்ட பத்தாவது குழி எது? இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுவோம்.