கடற்கொள்ளைக்காரன் என்று பெயரிட்டவர் யார்?

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் பொறிப்பித்தது. ஆணை சிங்கள மன்னனுடையது; மொழி தமிழ். பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் அளிக்க வேண்டும் என்கிறது அது. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. அடுத்து வரும் விதிதான் நம் ஆராய்ச்சிக்கு உரியது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிவந்த கலம் கெட்டால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

புயலில் கப்பல் உடைந்து, உயிர் தப்பிக் கரையேறி நிற்கிறான் ஒருவன். அவனுடைய பொருளில் பாதியை அரசன் எடுத்துக்கொண்டால் அது உரிமை. கல்லில் வெட்டி வைக்கத் தக்க நீதி. அதே இரவில் கரையோரக் குடிசைக்காரன் ஒரு மூட்டையைத் தூக்கிச் சென்றிருந்தால் அதற்குப் பெயர் என்னவாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முழுவதையும் எடுத்துக்கொள்ளும் மன்னர்கள் இருந்த உலகில் இந்த ஆணை தாராளமானதே, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கொள்ளை என்ற சொல்லை வழங்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி இந்தக் கல்லிலேயே தொடங்கிவிடுகிறது.

நாலு நூற்றாண்டுகள் கழித்து இந்தக் கடலுக்குப் பறங்கியர் வந்தார்கள். கரையொதுங்கிய தங்கள் கப்பல்களின் சரக்கை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி கைப்பற்றுகிறான் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஆனால் அவர்களே என்ன செய்தார்கள்? எவருக்கும் உரிமையில்லாத, ஆகவே எல்லாருக்கும் உரிய கடலில், ‘கார்ட்டாஸ்’ என்ற அனுமதிச் சீட்டை விற்றார்கள். சீட்டு வாங்காத கப்பல் பிடிபட்டால் சரக்குப் பறிமுதல். பல வேளைகளில் மாலுமிகளின் உயிரும் போயிற்று. தலைமுறை தலைமுறையாக மிளகும் அரிசியும் ஏற்றிச் சென்றவன், ஒரு காகிதம் இல்லாத காரணத்தால், ஒரே நாளில் கடற்கொள்ளைக்காரன் ஆனான்.

அவ்வாறு ஆக்கப்பட்டவர்களுள் தலையானவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். குஞ்ஞாலி என்பது கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னன் தன் கடற்படைத் தலைவர்களுக்கு அளித்த பட்டம். 16ஆம் நூற்றாண்டில் நால்வர் அடுத்தடுத்து அதைத் தாங்கினர். சோழமண்டலக் கரையிலிருந்து மலையாளத்துக்கு அரிசி கொண்டுசென்ற மரைக்காயர் வணிக மரபு அவர்களுடையது. பெரிய பறங்கிக் கப்பல்களை ஆழமற்ற நீரில் துடுப்புப் படகுகளால் சூழ்ந்து தாக்கி விலகும் முறையில் அவர்கள் தேர்ந்தவர்கள். அவர்களுடைய போர்க்களம் மலையாளக் கரையோடு நிற்கவில்லை. 1538இல் இலங்கைக்குப் புறப்பட்ட கோழிக்கோட்டுப் படையைப் போர்த்துக்கேயர் மண்டபத்தை அடுத்த வேதாளையில் அழித்தார்கள். நம் தீவுகளுக்கும் அந்த மணலுக்கும் இடையில் கிடப்பது ஒரு சிறு கடல்தான்.

அந்திரே பூர்த்தாடோ த மென்டோன்சா என்ற பெயரை யாழ்ப்பாணத்துப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். 1591இல் வழியில் ஒரு கோழிக்கோட்டுக் கப்பற்படையை முறியடித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் இறங்கியவன் அவன். மன்னன் புவிராச பண்டாரம் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கம் அரியணையில் வைக்கப்பட்டான். அதே பூர்த்தாடோதான் 1600இல், சாமூதிரியின் சேனையோடு சேர்ந்து, நாலாம் குஞ்ஞாலி முகம்மது அலியின் கோட்டையை வளைத்தான். உயிருக்கு வாக்குறுதி பெற்றுக்கொண்டு குஞ்ஞாலி தன் சொந்த மன்னனிடம் சரணடைந்தான். பறங்கித் தளபதி அவனைப் பற்றிக் கோவாவுக்குக் கொண்டுபோனான். அங்கே தலை வெட்டப்பட்டது. தலை உப்பிடப்பட்டுக் கண்ணனூருக்கு அனுப்பப்பட்டது. ஒரு நாட்டை வெட்டிப் பிடித்தவன் தளபதி. தன் துறைமுகத்தைக் காத்தவன் கொள்ளைக்காரன்! 1619இல் வீழ்ந்த கடைசிச் சங்கிலியும் கொல்லப்பட்டது அதே கோவாவில்தான்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சபலம் உண்டாகிறது. அந்நியன் கொள்ளைக்காரன் என்றவனை நாம் வீரன் என்று மாற்றி எழுதிவிட்டு மனம் நிறைந்து போகலாம். அவ்வாறே நடந்தும் இருக்கிறது. மும்பாயில் இந்தியக் கடற்படையின் நிலையம் ஒன்றுக்குக் குஞ்ஞாலியின் பெயர். 2000ஆம் ஆண்டில் அவனுக்குத் தபால்தலை. பின்னர் பெருஞ்செலவில் திரைப்படம். அவனைத் தன் கையால் ஒப்படைத்ததும் ஓர் அரசுதான் என்பது தபால்தலையில் தெரிவதில்லை. மலையாளக் கடலோடிகள் பறங்கியனை மட்டும் தாக்கவில்லை. சீட்டு வாங்கிப் பிழைத்த குஜராத்தி வணிகனின் கப்பலும் அவர்களிடம் தப்பவில்லை. அந்த வணிகனுடைய கணக்கில் சீட்டுக்குக் கொடுத்த பணமும் சீட்டை மீறியவனிடம் பறிகொடுத்த பணமும் ஒரே நட்டந்தான். குஞ்ஞாலியின் படகில் துடுப்பு வலித்தவர்கள் யார், பிடிபட்டபோது அவர்கள் கதி என்ன என்பதைப் பாடிய பாட்டு எங்கே?

அனுமதிச் சீட்டைக் கொண்டு கொள்ளையை அளந்தால் அளவுகோல் பொய்க்கிறது. நம்மவன், அந்நியன் என்று அளந்தாலும் பொய்க்கிறது. இது வெறும் சரித்திரச் சர்ச்சை அன்று. ஊர்காவற்றுறைக்கு எதிரே கடல் நடுவில் ஒல்லாந்தர் 1658இல் பறங்கியரிடமிருந்து கைப்பற்றிய ஹம்மன்ஹீல் கோட்டை நிற்கிறது. சிறையாய் இருந்த அதைக் கடற்படை இப்போது உல்லாச விடுதியாக நடத்துகிறது. கரையிலோ நீதவான் நீதிமன்றம். எல்லை தாண்டி மீன்பிடித்ததாகப் பிடிபடும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அங்கேதான் நிறுத்தப்படுகிறார்கள்.

1974, 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் கடலில் கோடு போட்டன. போர்க்காலத்தில் நம் மீனவனுக்குக் கடல் மூடப்பட்டுக் கிடந்தது. 2009க்குப் பிறகு அவன் சிறு படகோடு திரும்பியபோது, அடிமட்டத்தை வாரும் இழுவைப் படகுகள் அவனுடைய வலையை அறுத்துக்கொண்டு போயின. அந்த மடி, குஞ்சையும் பவளத்தையும் சேற்றையும் ஒருங்கே அள்ளுவது. 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது. கடனுக்கு வாங்கிய வலையை ஓர் இரவில் இழந்த நெடுந்தீவுக்காரன் ‘கொள்ளை’ என்று கத்துகிறான். அவன் பொய் சொல்லவில்லை. “எல்லாரும் தமிழர், தொப்புள்கொடி உறவு” என்று மேடையில் பேசி அவன் வாயை அடைப்பது அநீதி. அதைச் செய்பவர்களுள் நம் முற்போக்கு நண்பர்கள் சிலரும் உண்டு என்பது வருத்தத்திற்குரியது.

ஆனால் கூண்டில் நிற்பவனைப் பாருங்கள். அவன் படகின் உடைமையாளன் அல்லன். மீன் விழுந்தால் பங்கு, விழாவிட்டால் வெறுங்கை என்று ஏறி வந்த கூலியாள். தன் கரையோரத்தைப் பெரிய படகுகள் வாரித் தீர்த்துவிட்டபின் அவனுக்கு வேறு கடல் இல்லை. இறால் எங்கோ ஏற்றுமதியாகிறது. படகின் முதலாளி அக்கரையில் இருக்கிறான். மீண்டும் பிடிபட்டால் சிறைக்குப் போவது கூலியாள். படகைப் பற்றிய வழக்கிலோ உடைமையாளன் ஆவணங்களோடு வரவேண்டும் என்று கட்டளை பிறக்கிறது. வராவிட்டால் படகு அரசுடைமை. குற்றப்பத்திரிகை கோட்டைத் தாண்டியதைப் பேசுகிறது. வலை அறுந்தவன் அந்த வழக்கில் பெரும்பாலும் கட்சிக்காரனே அல்லன். அவனுடைய நட்டத்துக்கு அங்கே பத்தி இல்லை. பறிமுதலான படகு பண்டாரத்துக்குச் சேர்கிறது. பராக்கிரமபாகு பாதியையாவது உடையவனுக்கு விட்டான். வலையை இழந்தவனுக்கு ஒரு பங்கு என்று எந்தக் கல்லிலும் இன்னும் வெட்டப்படவில்லை.