காணவில்லை என்றால் இல்லையா?

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29-ல். விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு முதல் ஓராண்டு அது இலவசம். அப்படி மாறிய கணினிகள் சிலவற்றில் டிவிடி டிரைவ் காணாமல் போக, மைக்ரோசாஃப்ட்டே அதற்கு வழி சொல்ல வேண்டியிருந்தது.

சிங்கப்பூரில், ஆங் மோ கியோ வீவக வீடொன்றில் இது நடந்ததாக வைத்துக்கொள்வோம். தேக்காவில் வாங்கிய பக்திப் பாடல் வட்டு கையில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது, விளக்கும் எரிகிறது. திரையில் மட்டும் டிரைவ் இல்லை.

யாரை நம்புவது, கையையா திரையையா?

காணாமையை வைத்து ‘இல்லை’ என்று அறிய முடியுமா என்பது இந்தியத் தத்துவத்தின் பழைய வழக்கு. முடியும் என்றார் குமாரில பட்டர். காணாமையைத் தனி அளவையாகவே, அதாவது அறிவைத் தரும் தனி வழியாகவே, ஏற்றார். அத்வைதிகளும் ஏற்றார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கண்டரமாணிக்கத்தைச் சேர்ந்த தர்மராஜ அத்வரீந்திரர், 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘வேதாந்த பரிபாஷை’யில் அந்த நிபந்தனையை விளக்குகிறார். பொருள் அங்கே இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அந்த நிலையில்தான் காணாமை சான்றாகும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதற்காகக் குடமே இல்லை என்று சொல்ல முடியாது.

கணினியில் நடப்பதும் இருட்டறைதான். வட்டில் பதிவு செய்ய முன்பு நிறுவிய மென்பொருள், டிரைவுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே தன் வடிகட்டி நிரலைச் செருகியிருக்கும். புதிய விண்டோஸோடு அது ஒத்துப்போகாவிட்டால் டிரைவின் இயக்கியே ஏறாது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி நிற்கும். சில வேளை அதுவும் இராது. ரெஜிஸ்ட்ரியை முதலில் நகலெடுத்துக்கொண்டு, வட்டு டிரைவுகளுக்குரிய பகுதியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளையும் நீக்கி, கணினியை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் டிரைவ் திரும்பிவிடும். பழுது டிரைவில் இல்லை, பார்க்கும் வழியில் இருந்தது.

கண்டதே மெய் என்ற பூதவாதியிடம், பெற்றோரை எப்படி அறிந்தாய் என்று காப்பிய நாயகி மணிமேகலை கேட்பதும் இந்த இடத்தைத் தொட்டுத்தான். அத்வைதிகளின் நிபந்தனைப்படி, கடவுளைக் காணவில்லை, எனவே இல்லை என்பவர், காணத்தக்க முறையில் தேடினோமா என்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். பக்தருக்கும் இதில் சலுகை கிடையாது. இல்லை என்று நிறுவ முடியாததாலேயே ஒன்று இருப்பதாகிவிடாது. இருப்பதைக் காட்டத் தனிச் சான்று வேண்டும். சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாச்சாரியார் ‘சிவஞான சித்தியார்’ நூலில் தம் கொள்கையை நிறுவும் சுபக்கப் பகுதியை அளவைகளிலிருந்து தொடங்கி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கியது அந்தக் கடமையை உணர்ந்துதான்.